எட்டு நாள் கடனில் ஒரு பீட்சா

கடைசிப் பரீட்சை முடிந்த கையோடு நாங்கள் ஆறு பேர் கொழும்பில் ஒரு பீட்சாக் கடைக்குப் போனோம். விறகு அடுப்பில் சுடுகிற கடை. 'நேப்பிள்ஸ் முறை' எண்டு வாசலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். மஹாபொல காசு விழுந்த கிழமை எண்டபடியால்தான் அந்தத் துணிச்சல். அப்பவும் ஆறு பேருக்கு இரண்டு பீட்சாதான் கட்டுப்படியாகும் எண்டு மெனுவைப் பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது.

ஓடர் குடுத்துவிட்டு ஆறுதலாகக் கதைக்கலாம் எண்டு இருந்தால், கதை சூடுபிடிக்க முதலே தட்டு வந்துவிட்டது. அங்கேதான் பிரச்சினை தொடங்கியது. விளிம்பெல்லாம் அங்கங்கே கரி. நடுப்பகுதி ஈரம். ஒரு துண்டைத் தூக்கினால் நுனி தொங்கி, மேலே இருந்த தக்காளியும் சீஸும் தட்டிலேயே வழிந்தது. வெட்டித் தரவும் இல்லை, கத்தியும் முள்ளுக்கரண்டியும் வைத்துவிட்டுப் போனார்கள். எங்களில் ஒருத்தி பரிமாறின அண்ணாவைக் கூப்பிட்டு, "அண்ணா, இது கருகிப்போச்சு. நடுவிலை வேகவும் இல்லை" எண்டு சொன்னாள். அவர் கோபிக்கவில்லை. "தங்கச்சி, இது அப்பிடித்தான் வரவேணும்" எண்டார்.

பில்லைப் பார்த்தபோது அந்த வசனம் இன்னும் உறைத்தது. அந்த இரண்டு பீட்சாவின் காசுக்கு எங்களில் ஒருவர் கம்பஸ் கன்ரீனில் ஒரு கிழமைக்கும் மேலே மத்தியானச் சாப்பாடு சாப்பிடலாம். திரும்பி வரும் பஸ்சில் சண்டை. எங்களுக்குத்தான் சாப்பிடத் தெரியவில்லை எண்டு ஒரு பக்கம். கருகினதையும் ஒரு பெயர் வைத்து விற்கிறார்கள் எண்டு மற்றப் பக்கம். வரலாறு படிக்கிற பிள்ளைகள் பஸ்சில் சண்டை பிடித்தால் அடுத்த நாள் நூலகத்தில்தான் போய் நிற்பார்கள். நாங்களும் நின்றோம்.

அந்த அண்ணா சொன்னது சரி. ஆனால் அது ஏன் அப்படி வரவேணும் எண்ட கேள்வி எங்களைச் சமையற்காரர்களிடம் கொண்டுபோகவில்லை. சாப்பிட்டவர்களிடம் கொண்டுபோனது. பீட்சாவின் வரலாறு எண்டு பொதுவாகச் சொல்லப்படுவது ஒரு சமையற்காரரும் ஒரு அரசியும் சந்தித்த கதை. அந்தச் சந்திப்புக்கு நூறு வருசத்துக்கு முதலே நேப்பிள்ஸ் தெருவில் நின்று சாப்பிட்ட சனம், கையில் காசில்லாத சனம், அந்தக் கதையில் இல்லை. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

தட்டில்லாத, மேசையில்லாத வாடிக்கையாளர்

18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் நேப்பிள்ஸ் ஐரோப்பாவின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று. ஒரு இராச்சியத்தின் தலைநகரம், துறைமுகம். அரண்மனைகள் ஒரு பக்கம். மற்றப் பக்கம், நிலமட்டத்தில் ஒற்றை அறையும் தெருப்பக்கம் ஒரு கதவும் மட்டுமே உள்ள வீடுகள். அவற்றை 'பாஸ்ஸி' என்பார்கள். அந்த அறைக்குள் ஒரு முழுக் குடும்பமும் இருக்கும். சமைக்க இடமிருக்காது, இருந்தாலும் விறகுக்குக் காசிருக்காது. மூட்டை தூக்குபவர்கள், மீனவர்கள், ஏவின வேலையைச் செய்து அன்றன்று உழைத்து அன்றன்று சாப்பிடுபவர்கள் எல்லோரையும் சேர்த்து 'லாட்சரோனி' என்று அழைத்தார்கள். சாப்பாடு அவர்களுக்குத் தெருவில்தான் கிடைத்தது.

இந்தச் சனத்தை வாடிக்கையாளராக வைத்துப் பார்த்தால், எங்கள் தோழி சொன்ன குறைகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரியத் தொடங்குகிறது. தட்டில்லை, மேசையில்லை, நின்றபடியோ நடந்தபடியோதான் சாப்பிடவேணும். ஆகவே பீட்சாவை நாலாக மடிப்பார்கள். இப்பவும் நேப்பிள்ஸில் அப்படி மடித்துச் சாப்பிடுவதற்கு 'பேர்ஸ் மாதிரி' என்று பொருள்படும் ஒரு பெயர் இருக்கிறது. பிஸ்கற் மாதிரி மொறுமொறுப்பாக இருந்தால் மடிக்கும்போது உடைந்துவிடும். நடுப்பகுதி மெல்லிசாகவும் மெதுவாகவும் இருந்தால்தான் மடியும். விளிம்பு தடித்து எழும்பியிருந்தால் மேலே உள்ளது வழியாது, கைபிடிக்கவும் இடமிருக்கும். நாங்கள் கொழும்பில் கத்தியோடும் முள்ளுக்கரண்டியோடும் மல்லுக்கட்டிய சாமான், உண்மையில் கைக்காகச் செய்யப்பட்டது.

அந்த வேகமும் அப்படித்தான். நல்லாக எரிகிற விறகு அடுப்பில் மெல்லிய மாவை வைத்தால் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும். அவ்வளவு கடும் சூட்டில் மா வெடித்துப் பொங்கும் இடங்களில் கரிப்புள்ளி விழும், நடுவில் உள்ள ஈரம் வற்ற நேரமிருக்காது. கருகலும் ஈரமும் ஒரே சூட்டின் இரண்டு பக்கங்கள். வரிசையில் நிற்கிற சனத்துக்கு ஒரு கடை இந்த வேகத்தில்தான் குடுத்து முடிக்கலாம்.

மேலே போட்டது என்ன? உள்ளி, எண்ணெய், பன்றிக் கொழுப்பு, கொஞ்சம் சீஸ், சின்ன மீன், பிறகு தக்காளி. 1835இல் நேப்பிள்ஸ் வந்து, 1843இல் அதைப் பற்றி ஒரு பயண நூல் வெளியிட்ட பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாண்டர் டூமா இதைக் கவனித்திருக்கிறார். லாட்சரோனி கோடையில் வத்தகப்பழத்திலும் மாரியில் பீட்சாவிலும் உயிர்வாழ்கிறார்கள் என்பது அவர் சொன்னது. பீட்சாவின் விலையைப் பார்த்தே அந்த வருசம் எண்ணெய் விளைந்ததா, மீன் பட்டதா என்று சொல்லிவிடலாம் என்றும் எழுதினார். ஒரு ஆளுக்கு ஒரு சின்னக் காசுப் பீட்சா போதும், அதைவிடக் கொஞ்சம் பெரிய காசுக்கு வாங்கினால் ஒரு குடும்பமே சாப்பிடலாம். கையில் எவ்வளவு காசோ அவ்வளவுக்கு ஒரு துண்டு. விலையை வாடிக்கையாளரின் மடிதான் தீர்மானித்தது.

எட்டு நாள்

காசே இல்லாதவர் என்ன செய்வார்? அதற்கும் நேப்பிள்ஸில் ஒரு வழி இருந்தது. 'இண்டைக்கு எட்டு' என்கிற ஒரு ஏற்பாடு. இண்டைக்குச் சாப்பிடு, எட்டாம் நாள் காசு குடு.

டூமாவின் நூலில் இதுபற்றி வேறொரு கதை இருக்கிறது. சுட்டு ஒரு கிழமையான பழைய பீட்சாவும் அங்கே விற்கிறார்கள், கப்பலில் மாதக்கணக்காக வைத்துத் தின்கிற கல்லு பிஸ்கற்றுக்குப் பதிலாக அது உதவும் என்று அவர் எழுதுகிறார். எட்டு நாள் தவணையைத்தான் அவர் எட்டு நாள் பழசு என்று பிழையாக விளங்கிக்கொண்டார் என்பது பின்னால் வந்தவர்களின் விளக்கம். எங்களுக்கு இந்தப் பிழை முக்கியமாகப் பட்டது. வெளியில் இருந்து வந்த ஒரு கனவான், ஏழைகளைப் பற்றி 'எட்டு' என்று ஒரு சொல்லைக் கேட்டதும், அவர்கள் பழசைத்தான் தின்பார்கள் என்று நினைத்துவிட்டார். அவர்களுக்குள் ஒரு நம்பிக்கைக் கணக்கு ஓடுகிறது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

எங்களுக்கு அது விளங்க ஒரு நிமிடமும் எடுக்கவில்லை. எங்கள் கன்ரீனிலும் ஒரு கொப்பி இருக்கிறது. மஹாபொல பிந்துகிற மாதங்களில் அந்தக் கொப்பியில்தான் நாங்கள் சாப்பிடுகிறோம்.

இந்த வழக்கம் எவ்வளவு காலம் இருந்தது என்பதற்கு ஒரு சினிமாவே சாட்சி. விட்டோரியோ டி சிக்கா 1954இல் எடுத்த 'நேப்பிள்ஸின் பொன்' படத்தில் ஒரு பகுதியின் தலைப்பே 'கடனுக்குப் பீட்சா'. சோபியா லோரன் அதில் பீட்சா விற்கிற பெண்ணாக வருவார். அது பொரித்த பீட்சா. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு குண்டு விழுந்த நகரத்தில், விறகு அடுப்பும் நல்ல சீஸும் எட்டாத இடத்தில் இருந்தபோது, பெண்கள் வீட்டு வாசலில் ஒரு தாச்சியை வைத்துப் பொரித்து விற்றார்கள். அங்கேயும் அதே கணக்கு: இண்டைக்குச் சாப்பிடு, எட்டு நாளில் தா.

மூக்கைப் பொத்தியவர்கள்

சாப்பிட்டவர்கள் எழுதிவைக்கவில்லை. எழுதி வைத்தவர்களில் பலர் சாப்பிடவில்லை. 19ஆம் நூற்றாண்டுப் பீட்சா பற்றி எங்களுக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் பக்கத்தில் நின்று பார்த்தவர்களின் குறிப்புகள்.

1831இல் நேப்பிள்ஸுக்கு வந்த அமெரிக்கர் ஒருவர், தக்காளியும் சின்ன மீனும் மிளகும் தூவின இந்தச் சாப்பாட்டைப் பார்த்து, சாக்கடையில் இருந்து எடுத்த பாண் மாதிரி இருக்கிறது என்ற கருத்தில் எழுதினார். அவர் வேறு யாருமில்லை, தந்திக் குறியீட்டுக்குத் தன் பெயரைக் குடுத்த அதே சாமுவேல் மோர்ஸ்தான். 'பினோக்கியோ'வை எழுதிய கார்லோ கொலோடி புளோரன்ஸ்காரர். 1886இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதிய ஒரு பயண நூலில் அவர் பீட்சாவின் நிறங்களை ஒவ்வொன்றாகக் கணக்கெடுக்கிறார். கருகின மாவின் கறுப்பு, உள்ளியின் வெள்ளை, எண்ணெயின் மஞ்சள், தக்காளியின் சிவப்பு. எல்லாம் சேர்ந்து ஒரு அழுக்கு ஒட்டுத்துணி மாதிரி இருக்கிறது, விற்கிறவனின் கோலத்துக்கும் அது பொருத்தம்தான் என்று முடிக்கிறார். ஒரே இத்தாலிக்குள் இருந்த வடக்கு, தெற்கை எப்படிப் பார்த்தது என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. அருவருப்பு சாப்பாட்டில் தொடங்கி ஆளில் போய் முடிகிறது.

இவர்களில் வித்தியாசமானவர் மட்டில்டே செராவோ. நேப்பிள்ஸில் வளர்ந்த பத்திரிகையாளர். 1884இல் நகரத்தில் கொலரா பரவி ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். நேப்பிள்ஸின் வயிற்றைக் கிழித்துத் திறக்கவேணும் என்று உரோமில் அரசாங்கம் பேசியபோது, அந்த வயிற்றை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டு அவர் எழுதிய கட்டுரைகள்தான் 'நேப்பிள்ஸின் வயிறு'. அதில் பீட்சா வருகிறது. ருசிக்காக வரவில்லை, ஒரு சின்ன நாணயத்துக்கு ஒரு ஏழை என்ன சாப்பிடலாம் என்ற கணக்கில் வருகிறது.

அவர் காட்டுகிற காட்சி இப்படி: பீட்சாக்காரர் இரவில் நிறையச் சுட்டு, துண்டு துண்டாக வெட்டி ஒரு பெடியனிடம் குடுத்துவிடுகிறார். அவன் ஒரு சின்ன மேசையோடு தெருமுனையில் நாள் முழுக்க நிற்கிறான். குளிரில் துண்டுகள் விறைக்கும், வெயிலில் மஞ்சளாகும், இலையான் மொய்க்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கென்று இன்னும் சின்னத் துண்டுகள், இன்னும் சின்னக் காசுக்கு. காலைச் சாப்பாடும் அதுதான், சிலருக்கு மத்தியானமும் அதுதான்.

இதே பக்கங்களில் செராவோ பீட்சாவின் மாவைப் பற்றி ஒரு குறை சொல்கிறார். அந்த மா கருகுகிறது, ஆனால் வேகுவதில்லையாம். தக்காளி அரைவாசி பச்சையாம். அதை வாசித்த இடத்தில் நாங்கள் நூலகத்தில் சிரித்துவிட்டோம். எங்கள் தோழி கொழும்பில் சொன்ன அதே முறைப்பாடு, கிட்டத்தட்ட 140 வருசத்துக்கு முதல்.

செராவோ சொல்லும் இன்னொரு சம்பவமும் உண்டு. நேப்பிள்ஸ்காரர் ஒருவர் உரோமில் பீட்சாக் கடை போட்டாராம். முதலில் கூட்டம் அள்ளியது. உரோமில் வேலைக்கு வந்திருந்த நேப்பிள்ஸ்காரர் எல்லாம் ஓடி வந்தார்கள். கொஞ்ச நாளில் கூட்டம் குறைந்து கடை படுத்துவிட்டது. சொந்த ஊரை விட்டு எடுத்துவந்த பீட்சா அங்கே ஒட்டவில்லை என்பது அவருடைய கருத்து. அதே சாப்பாட்டை 20 வருசத்துக்குள் குடியேறிகள் அத்திலாந்திக் கடல் தாண்டிக் கொண்டுபோனார்கள். நியூயோர்க்கில் 1905இல் தொடங்கிய லொம்பார்டி கடைதான் அமெரிக்காவின் முதல் பீட்சாக் கடை என்று வழமையாகச் சொல்லப்படுகிறது. விறகுக்குப் பதிலாக அங்கே நிலக்கரி.

அரசியின் பெயர்

இப்போது எல்லோருக்கும் தெரிந்த கதைக்கு வருவோம். 1889 ஜூனில் அரசி மார்கரீத்தா நேப்பிள்ஸுக்கு வந்திருந்தாராம். ரஃபயேலே எஸ்போசித்தோ என்கிற பீட்சாக்காரரைக் கூப்பிட்டார்களாம். அவர் மூன்று வகை சுட, சிவப்பு, வெள்ளை, பச்சை எனக் கொடியின் நிறத்தில் இருந்தது அரசிக்குப் பிடித்ததாம். அதற்கு அவர் பெயரே வைக்கப்பட்டதாம். அரண்மனையில் இருந்து வந்த நன்றிக் கடிதம் ஒன்று அந்தப் பரம்பரைக் கடையின் சுவரில் இன்றைக்கும் தொங்குகிறது.

சக்கரி நோவாக் என்கிற வரலாற்றாளர் 2014இல் இந்தக் கடிதத்தை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். முத்திரையிலும் கையெழுத்திலும் சிக்கல்கள் இருக்கின்றன, கடிதம் பின்னாளில் செய்யப்பட்டதாக இருக்கலாம் என்பது அவர் வாதம். அதைவிட எளிமையான சான்றும் உண்டு. 1850களில் தொடங்கி வெளிவந்த, நேப்பிள்ஸ் வாழ்க்கை முறை பற்றிய ஒரு தொகுப்பில், மெல்லிசாகச் சீவின மொசரெல்லாவும் பேசில் இலையும் தக்காளியும் பீட்சாவில் போடப்படுவதாக ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. அரசி வரமுதலே தெருச்சனம் அந்த வகையைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஆனால் கதை ஏன் நின்றது என்பது கேட்கவேண்டிய கேள்வி. இத்தாலி ஒன்றுபட்டு 30 வருசமும் ஆகவில்லை. தெற்கு, புது அரசைத் தன்னுடையதாக நினைக்கவில்லை. கொலராவுக்குப் பிறகு பழைய குடியிருப்புகளை இடித்து நகரத்தைத் 'திருத்துகிற' பெரும் வேலை தொடங்கியதும் இதே 1889இல்தான். ஒரு பக்கம் பீட்சா சாப்பிட்ட சனத்தின் வீடுகள் இடிபடுகின்றன. மற்றப் பக்கம் அவர்களின் சாப்பாட்டில் கொடியின் நிறம் கண்டுபிடிக்கப்படுகிறது. கதை உண்மையோ பொய்யோ, அது பரவியதால் பெயர் அரசிக்குப் போனது. வெயிலில் மேசையோடு நின்ற பெடியனின் பெயர் எங்கேயும் இல்லை.

குறை சட்டமானது

1984இல் நேப்பிள்ஸ் பீட்சாக்காரர்கள் ஒரு சங்கம் அமைத்து, உண்மையான நேப்பிள்ஸ் பீட்சா எது என்று விதி எழுதினார்கள். உலகம் முழுக்கப் பெருத்துவிட்ட தொழிற்சாலைப் பீட்சாவுக்கு எதிராகத் தங்கள் கைத்தொழிலைக் காப்பது நோக்கம். 2010இல் ஐரோப்பிய ஒன்றியமும் அதற்குச் சட்டப் பாதுகாப்புக் குடுத்தது. அடுப்பின் சூடு ஏறத்தாழ 485 பாகை செல்சியஸ். சுடும் நேரம் 60 முதல் 90 செக்கன். விட்டம் 35 சென்ரிமீற்றருக்கு மேலே போகக்கூடாது. விளிம்பு 1 முதல் 2 சென்ரிமீற்றர். நடுப்பகுதி மெதுவாக, புத்தகம் மாதிரி மடிக்கக்கூடியதாக இருக்கவேணும். 2017இல் யுனெஸ்கோ நேப்பிள்ஸ் பீட்சாக்காரரின் கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது.

இந்த விதிகளை நாங்கள் பழிக்கவில்லை. ஒரு தொழிலைச் செய்கிறவர்கள் அதைக் காப்பாற்ற நினைப்பது நியாயம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மெதுவான நடு, மடிகிற தன்மை, ஒன்றரை நிமிட வேகம் எல்லாம் சட்டத்தில் ஏறிவிட்டன. யாருடைய கைக்காகவும் அவசரத்துக்காகவும் அவை உருவாகினவோ, அவர்களின் எட்டு நாள் தவணை மட்டும் ஏறவில்லை. காசுக்கேற்ற துண்டும் ஏறவில்லை. கொலோடி கணக்கெடுத்த அதே கறுப்புப் புள்ளி இன்று தரத்தின் அடையாளம். 1884இல் அதே கருகல், ஏழைகளின் சாப்பாட்டைப் பற்றிய குறை. இன்றைக்கு அதைக் குறை எண்டு சொன்னால், சாப்பிடத் தெரியாதவர் நாங்கள்.

நேப்பிள்ஸ் தன் பழக்கத்தை முழுக்க மறக்கவும் இல்லை. அங்கே சில கடைகளில் ஒருவர் தன் பீட்சாவோடு இன்னொன்றுக்கும் காசு கட்டிவிட்டுப் போகலாம். முகம் தெரியாத யாரோ, காசில்லாத ஒருவர், வந்து அதைச் சாப்பிட்டுவிட்டுப் போவார். தெருவில் மடித்துச் சாப்பிடுகிற மலிவான பீட்சாவும் இன்னும் கிடைக்கிறது.

போறணை

எங்களில் ஒருவனின் மாமா யாழ்ப்பாணத்தில் பேக்கரி வைத்திருந்தவர். இந்தக் கட்டுரைக்காக வாசித்ததை எல்லாம் அவரிடம் ஃபோனில் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப அது போறணையில சுடுறதுதானே?" அந்தச் சொல்லை நாங்கள் அதுவரை யோசித்ததே இல்லை. போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் அது. 'போர்னோ' என்றால் அவர்கள் மொழியில் அடுப்பு. இத்தாலியனிலும் அதே சொல், அதே பொருள். பாணும் அவர்கள் தந்த சொல்தான். கொழும்பில் அந்நியமாய் நின்று பார்த்த அந்த அடுப்பின் பெயர் எங்கள் பாட்டிமாரின் வாயில் ஏற்கெனவே இருந்திருக்கிறது.

மாமா இன்னொன்றும் சொன்னார். விடிய நாலு மணிக்குப் போறணையில் இருந்து இறங்கும் பாணில் அடிப்பக்கம் கொஞ்சம் கருகினதை வேலையாட்கள் தங்களுக்கெண்டு எடுத்து வைப்பார்களாம். "அதுதான் ருசி" எண்டார். விற்கேலாததைச் சாப்பிட்டவர்களுக்குத்தான் அந்த ருசி முதலில் தெரிந்திருக்கிறது.

நாங்கள் அந்தக் கடைக்குத் திரும்பப் போவோமா எண்டு தெரியாது. போனால் கத்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு நாலாக மடித்துச் சாப்பிடுவோம். அந்த அண்ணாவிடமும் ஒன்று கேட்கவேணும். இது இப்படித்தான் வரவேணும் எண்டு எங்களுக்குச் சொல்லித் தந்தவர், தன் சம்பளத்தில் எப்பவாவது ஒரு முழுப் பீட்சா வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாரா? அன்றைக்கு அதைக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. கருகலைப் பற்றி மட்டும்தான் கேட்டோம்.